நாலாவது குச்சி

ஆகஸ்ட் வெயிலில் ஊரே அரைக்கால் சட்டையோடு திரிந்துகொண்டிருந்தபோது, மார்லிஸ் டாலெஃப்சன் ஹார்லனின் வேட்டைச் சாமான் கடைக்குள் நுழைந்து, கொண்டுவந்த பெரிய துணிப்பையைத் தரையில் வைத்து, அதிலிருந்து பஞ்சு வைத்துத் தைத்த குளிர்கால அங்கியை எடுத்து மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அதற்கு மேல் தடித்த கோட்டு. காலில் கம்பளிக் காலுறை, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும் ரப்பர் பூட்ஸ். மீன்புழு டப்பாக்களுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் நடுவில் நின்று அவள் ஒவ்வொரு பொத்தானாகப் போடுவதை ஹார்லன் கல்லாவிலிருந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கணவன் வெர்லின் தூண்டில் அலமாரிப் பக்கம் திரும்பி, இந்தப் பெண்மணி யாரோ எவரோ என்கிற மாதிரி நின்றான்.

"வெளில தார் ரோடு உருகுது மார்லிஸ். உனக்கு என்ன குளிர்ஜுரமா?" என்றான் ஹார்லன்.

"நவம்பர்ல நான் நீச்சல் டிரெஸ்ஸைப் போட்டுட்டா மரம் ஏறப் போறேன்? எதைப் போட்டுட்டு ஏறுவேனோ அதைப் போட்டுட்டுத்தான் வாங்கணும். உங்கிட்ட இருக்கற ஏறுகுச்சி எல்லாத்தையும் எடுத்து வெளில வை."

ஏறுகுச்சி என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. கை நீளத்துக்கு ஓர் உலோகத் தண்டு, மேலும் கீழும் கால் வைக்க மடக்குப் படிகள். ஒன்றை மரத்தில் வார்ப்பட்டையால் இறுக்கிக் கட்டி, அதில் ஏறி நின்று அதற்கு மேல் அடுத்ததைக் கட்டி, அப்படியே உயரப் போய், கடைசியில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குச் சின்னப் பரணை மாட்டிக்கொண்டு வில்லோடு மானுக்குக் காத்திருக்க வேண்டும். அரசாங்கக் காட்டில் மரத்தில் ஆணி அறையக் கூடாது, பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு வெளியேறிவிட வேண்டும். அதனால் எந்தக் குச்சி நல்லது என்பதில் விஸ்கான்சின் மாநிலத்தின் அந்த மேட்டுப் பகுதியில் ஆளுக்கொரு கட்சி. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊர் ஓட்டலில் மீன் வறுவல் தின்ன உட்கார்ந்தால் பாதி மேசைகளில் இதே பேச்சுதான். ஆனால் அத்தனையும் ஆறடி ஆண்களின் கட்சிகள். மார்லிஸ் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஸ்டியரிங்குக்கு மேலே தொப்பி மட்டும்தான் தெரிகிறது என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஆனால் கண்ணாடி வழியாக அவள் ஒரு பார்வை பார்த்தால் கடைசி சீட்டு வரை கப்சிப்.

ஐந்து வருடமாக அவள் வெர்லின் காட்டிய மரத்தில், வெர்லின் கட்டிய குச்சிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். ஏறிக்கொண்டிருந்தாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. படிக்குப் படி அவன் கால் அளவுக்கு இடைவெளி இருக்கும். லாரியில் மூட்டை ஏற்றுவதுபோல அவன் கீழே இருந்து தோள் கொடுத்துத் தள்ளுவான், அவள் மேலே போவாள். பொழுது சாய்ந்து அவனே வந்து இறக்கிவிடும் வரை அங்கேயேதான் இருக்க வேண்டும். போன வருடம் ஒரு மதியம் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. இறங்க வழியில்லை. இருட்டும் வரை பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல மான் ஒன்று பரணுக்கு நேர் கீழே வந்து நின்றபோது வில்லைத் தொடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியிலேயே சொல்லிவிட்டாள், அடுத்த வருடம் என் மரம், என் குச்சி, நானே கட்டுவேன் என்று.

வெர்லின் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினான். அப்புறம்தான் பந்தயம் கட்டினான். "சரி, கட்டிக்கோ. ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இறங்க முடியலைன்னு நீ என்னைக் கூப்பிட்டேன்னு வை, அதுக்கப்புறம் ஃபிலிஸ் வீட்டு ஏணிப் பரண்தான் உனக்கு. பேச்சு மாறக் கூடாது." ஃபிலிஸ் அவன் தங்கை. அவள் பண்ணையின் சோயா வயலோரத்தில் கைப்பிடியெல்லாம் வைத்த ஓர் ஏணிப் பரண் நிரந்தரமாக நிற்கிறது. அதில் உட்கார்ந்தால் நெடுஞ்சாலையில் போகிற கார்களை நன்றாக எண்ணலாம், மான் வராது. மார்லிஸ் யோசிக்காமல் சரி என்றாள்.

வெர்லினுக்கு அது வெறும் வீம்பில்லை என்பது அவளுக்குத் தெரியும். மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் அவன். கூட வேலை செய்த ஒருவன் கம்பத்திலிருந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன். அதைப் பற்றி அவன் வீட்டில் பேசியதே இல்லை. ஆனால் அவள் ஸ்டூல் போட்டு பல்பு மாட்டினால்கூட வந்து ஸ்டூல் காலைப் பிடித்துக்கொள்வான். அந்த அக்கறை தெரிந்ததால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுகிறவனோடு சண்டை போடலாம், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனோடு என்ன சண்டை போடுவது?

ஹார்லன் நாலு வகைக் குச்சிகளை எடுத்து வைத்தான். இரும்பு வகையை அவள் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தாள். கார்பன் ஃபைபர் என்கிற கரி நாரில் செய்த வகை, இறகு போல எடை. அதைத்தான் வெர்லின் எடுத்து நீட்டினான். இப்போது எல்லாரும் வாங்குவது இதைத்தான், கிராம் கணக்கில் மிச்சம் பிடிக்கலாம் என்றான்.

"கிராம் கணக்குப் பாக்கறவன் எல்லாம் தொப்பையக் கழட்டி வீட்ல வெச்சுட்டா காட்டுக்கு வர்றான்?" என்றாள் மார்லிஸ். ஹார்லன் தன் தொப்பையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டான். அவள் அந்தக் குச்சியின் படியில் பூட்ஸை வைத்துக் காட்டினாள். பாதிப் பாதம் வெளியே நின்றது. "இதுல வெறும் காலை வெக்கலாம். பூட்ஸை எங்க வெக்கறது?"

மூன்றாவது வகை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பட்டையை மாட்டுகிற இடத்தில் இரும்புக் கொக்கி, குச்சியில் படும்போதெல்லாம் கோயில் மணி மாதிரி சத்தம் போட்டது. கடைசியில் அலுமினியத்தில் குட்டையாக ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் அகலப் படி, கொக்கிக்குப் பதில் கயிறு. அதைக் கடைத் தூணில் முழங்கால் உயரத்துக்குக் கட்டச் சொன்னாள். அதன் மேல் இன்னொன்று, அதே இடைவெளியில். இரண்டிலும் ஏறினாள். மேல் படியில் நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறக்காமலே, காலால் துழாவித் துழாவி, ஒவ்வொரு படியாக இறங்கித் தரைக்கு வந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது.

"வெர்லின், உன் பொண்டாட்டி என் தூண்லயே பரண் கட்டிக் குடியேறிடுவா போலிருக்கு," என்றான் ஹார்லன்.

"இதுல நாலு குடு," என்றாள் மார்லிஸ்.

"நாலா?" வெர்லின் முதல் முறையாகப் பக்கத்தில் வந்தான். "நாலு குச்சிய வெச்சு நீ போற உயரத்தைவிட நான் மூணுலயே மேல போவேன். நல்லா எட்டிக் கட்டினா மூணு தாராளம்."

"எட்டிக் கட்டினா ஏறிடலாம். இறங்கறது?"

"முப்பது வருஷமா கம்பம் ஏறினவன்கிட்ட இறங்கறதப் பத்திக் கேக்கற பாரு." அவன் ஹார்லனைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு பேருமே வாடிக்கையாளர்கள் என்பதால் ஹார்லன் ரசீது போடுவதில் மும்முரமானான்.

செப்டம்பர் முழுக்க அவள் வீட்டு முற்றத்து மேப்பிள் மரத்தில் கட்டினாள், கழற்றினாள், கட்டினாள். குச்சிகளுக்குத் துணி நாடா சுற்றினாள், மரத்தில் இடித்தாலும் சத்தம் வராதபடி. இடுப்பு வாரிலிருந்து மரத்தைச் சுற்றி வந்து மறுபடி இடுப்பில் மாட்டும் கயிறு ஒன்று உண்டு. குச்சி கட்டும்போது அதில்தான் உடம்பைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். அதன் முடிச்சை இழுத்து நகர்த்துவது எப்படி என்று மட்டும் வெர்லினிடம் கேட்டுக்கொண்டாள், ஏனென்றால் அந்தக் கயிறு அவன் தொழில் கயிறு. அவன் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவள் ஏறும்போது கராஜில் ஏதோ தேடுகிற பாவனையில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

நவம்பர் முதல் வாரம் பனி விழவில்லை, ஆனால் நிலம் இறுகிவிட்டது. கிடா மான்கள் பெட்டையைத் தேடி புத்திகெட்டு அலையும் நாட்கள். காட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் பிரிந்தார்கள். ஓடைப் பள்ளத்துக்குக் கிழக்கு மேட்டில் அவன், மேற்கு மேட்டில் அவள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். "போனை சைலன்ட்ல போட்டியா?" என்றான் வெர்லின். "போட்டாச்சு. நீ?" என்றாள் அவள். அவன் தலையாட்டிவிட்டு முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவள் தேர்ந்தெடுத்த மரம் ஒரு நேரான ஓக். கீழே கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன, மண் புதிதாகக் கிளறியிருந்தது. அவசரப்படாமல் கட்டினாள். முதல் குச்சி, கயிறு, இரண்டாவது குச்சி, கயிற்றை மேலே நகர்த்து, மூன்றாவது. எந்தக் குச்சியும் முனகவில்லை. நாலாவதன் உச்சியில் நின்று பரணை மாட்டி, அதில் கால் வைத்து, இடுப்பு வாரை மரத்தோடு பிணைத்து, கீழே விட்டுவந்த வில்லைக் கயிற்றால் இழுத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இரண்டு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தாள். வெர்லினுக்கு இது உயரமே இல்லை. இருக்கட்டும். யாரும் தோள் கொடுக்காமல் ஏறிய உயரம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிற்பகலில் ஒரு முறை தேவையே இல்லாமல் இறங்கி, மரத்துக்குப் பின்னால் போய்விட்டு, மறுபடி ஏறினாள்.

வெயில் மரங்களின் உச்சிக்குப் போனபோது கிடா வந்தது. முதலில் சருகுச் சத்தம், அப்புறம் கழுத்து தடித்த உடம்பு, அப்புறம்தான் கொம்பு. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு பெட்டையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு, நேராக அவள் மரத்தை நோக்கி வந்தது. மார்லிஸ் வில்லை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இன்னும் பத்துத் தப்படி வந்தால் அவள் அம்புக்கு எட்டிவிடும். ஐந்து வருடத்தில் இவ்வளவு பெரிய கிடாவை அவள் எதிரே பார்த்ததில்லை.

அப்போதுதான் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம். ணங்.

கிடா தலையைத் தூக்கியது. காது இரண்டும் கிழக்கே திரும்பின. மார்லிஸ் மூச்சை அடக்கினாள். சனியன் பிடித்த மனுஷன், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே என்ன அவசரம் என்று மனசுக்குள் திட்டினாள். கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை. கிடா மறுபடி தலையைத் தாழ்த்தி இரண்டு எட்டு வைத்தது. திரும்பவும் ணங், கூடவே மரப்பட்டையில் ரப்பர் உரசும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் மறுபடி உரசல்.

அது குச்சி கழற்றும் சத்தமில்லை. படி எங்கே என்று தெரியாமல் ஒரு பூட்ஸ் காற்றில் துழாவி, தண்டை உதைக்கிற சத்தம். மேப்பிள் மரத்தில் முதல் வாரம் அவளே எத்தனை முறை அப்படி உதைத்திருக்கிறாள். வெர்லின் இறங்க முடியாமல் நிற்கிறான். ஏன் என்றும் அவளுக்கு உடனே புரிந்தது. கம்பம் ஏறுகிறவனுக்குப் படி என்ற ஒன்றே கிடையாது. பூட்ஸில் கட்டிய இரும்பு முள்ளை எங்கே குத்துகிறானோ அதுதான் படி. முப்பது வருடம் அப்படியே ஏறி இறங்கிய கால், படியைத் தேடக் கற்றுக்கொள்ளவே இல்லை. மதியம் உடம்பு சூடாக இருக்கும்போது கையால் இழுத்து ஏறிவிட்டான். இப்போது முழங்கால் விறைத்திருக்கும், மடக்கினால் மடங்காது. இருட்டுவதற்குள் யாருக்கும் தெரியாமல் இறங்கிவிடலாம் என்று பார்த்திருக்கிறான்.

கயிறு மாட்டியிருப்பான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. விழ மாட்டான். இன்னும் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. கிடா இன்னும் ஏழெட்டுத் தப்படி வந்தால் போதும். அவள் வில்லின் நாணில் கை வைத்தபடி நின்றாள். அவன் கூப்பிடட்டுமே. ஒரு முறை கூப்பிடட்டும். ஆனால் அவன் கூப்பிட மாட்டான், கை மரத்துப் போனாலும் கூப்பிட மாட்டான் என்பதும் தெரியும். மறுபடி அந்த உரசல். இந்த முறை முன்பைவிட மெதுவாக இருந்தது. வில்லைப் பரண் கொக்கியில் மாட்டினாள். அந்தச் சின்னச் சத்தத்துக்கே கிடா வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே தாவில் பள்ளத்துக்குள் போய் மறைந்தது. "போ," என்றாள் மார்லிஸ், மானிடமா வெர்லினிடமா என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலு குச்சிகளில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கற்றவளுக்கு இறங்க எவ்வளவு நேரம். கீழே வந்ததும், தரையிலிருந்து எட்டுகிற முதல் குச்சியை மட்டும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப் பள்ளத்தைத் தாண்டி மேடேறினாள்.

வெர்லின் மூன்றாவது குச்சியின் கீழ்ப் படியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தான். கயிறு இடுப்பில் இறுகியிருந்தது. அவனுக்கும் இரண்டாவது குச்சிக்கும் நடுவில் அவள் நெஞ்சுயரத்துக்கு வெறும் மரம். மேலே பரணுக்குத் திரும்பவும் தெம்பில்லை, கீழே வரவும் வழியில்லை, திரிசங்கு மாதிரி நின்றான். கீழே பார்த்தான்.

"நான் ஒண்ணும் கூப்பிடலையே," என்றான்.

"நானும் கூப்பிடல," என்றாள் அவள், இடுப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றி மாட்டியபடி.

அவனுடைய முதல் குச்சியில் ஏறவே அவள் காலை இடுப்பு வரை தூக்க வேண்டியிருந்தது. இரண்டாவதுக்குப் போக மரத்தைக் கட்டிக்கொண்டு தொற்றினாள். இரண்டாவதன் உச்சியில் கயிற்றில் சாய்ந்து நின்று, தோளில் இருந்த குச்சியை அந்த வெற்றிடத்தில் வைத்து, கயிற்றைச் சுற்றி இழுத்து, தன் எடை முழுவதையும் போட்டு இறுக்கினாள். பிறகு அவனுடைய இடது பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருடக் குடித்தனத்தில் அவன் கால் நடுங்கி அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"விடு. நான் புடிச்சிருக்கேன். வெயிட்டைப் போடு."

"உன் மேல விழுந்தா?"

"விழ மாட்ட. போடு வெர்லின்."

அவன் போட்டான். பூட்ஸை அவள் தன் குச்சியின் படியில் கொண்டுபோய் வைத்தாள். அதற்குக் கீழேயும் ஒவ்வொரு காலாகப் பிடித்து வைத்தே அவனை இறக்கினாள்.

தரைக்கு வந்ததும் அவன் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஃபிளாஸ்க்கின் மூடியில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். மேற்கே வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது, கிழக்கே நிலா மரங்களுக்கு மேல் வந்துகொண்டிருந்தது.

"கிடா வந்துதா அங்க?" என்றான்.

"வந்துது."

தன்னை இறக்க வந்ததால்தான் அது போயிற்று என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். காப்பி மூடியைத் துடைத்துக் கொடுத்தபடி கேட்டான். "நாளைக்கு எந்த மரத்துல உக்காரப் போற?"

ஐந்து வருடத்தில் அவன் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை மேசையில் மற்ற ஆண்களிடம் கேட்கிற கேள்வி அது. "இன்னும் முடிவு பண்ணல. காலைல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள், இதெல்லாம் தினமும் நடக்கிற பேச்சு மாதிரி.

அவன் பரண் இன்னும் மேலேயே இருந்தது. அன்றைக்கே கழற்றியாக வேண்டும். வெர்லின் எழுந்து நின்று முழங்காலை மடக்கிப் பார்த்தான், மடங்கவில்லை. அவள் ஏற்கெனவே கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் மரத்தடிக்கு வந்து, தலையில் கட்டியிருந்த விளக்கைப் போட்டு, ஒவ்வொரு படியாக வெளிச்சம் காட்டினான். மெதுவாகப் போ என்றோ பார்த்துப் போ என்றோ அவன் சொல்லவில்லை. நடுவில் கட்டிய குச்சியைத் தாண்டி, மூன்றாவதைத் தாண்டி, பரண் வரை போய்விட்டாள். யாரும் தூக்கிவிடாமல் அவள் இவ்வளவு உயரத்துக்கு ஏறியதில்லை.

பரணைக் கழற்றுவதற்கு முன் அதன் மேல் ஏறி நின்றாள். இலை உதிர்ந்த காடு முழுக்கக் கீழே கிடந்தது. ஓடை வளைவில் நிலா வெளிச்சத்தில் ஒரு திறந்த புல்வெளி. அங்கே முதலில் ஒரு பெட்டை வந்து நின்றது, அதன் பின்னால் சற்று இடைவெளி விட்டு, கொம்பை ஆட்டிக்கொண்டு அவளுடைய கிடா. சட்டப்படி வேட்டையாடும் நேரம் முடிந்துவிட்டது. அவள் வில்லும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவள் வேறு எதுவும் செய்யவில்லை, கையை மட்டும் கீழே நோக்கி விரித்து, அசையாதே என்று காட்டினாள்.

வெர்லினுக்கு அங்கிருந்து ஒன்றும் தெரியாது. என்ன என்று அவன் கேட்கவில்லை. கையைத் தூக்கி விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் மரத்தோடு மரமாக நின்றான்.